பெயர் இல்லாத பிடிமண்

கொட்டச்சேடு ஊரைத் தாண்டி, பழைய துரை பங்களாவின் கேட்டில் ஜீப் நின்றபோது மணி நாலேகால் ஆகியிருந்தது. மழை விட்டிருந்தது, மூடுபனி விடவில்லை. டிரைவருக்கு அடுத்த சவாரி காத்திருந்ததால், இறக்கிவிட்ட கையோடு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே அந்தச் சத்தம் தேய்ந்து ஓயும்வரை ஷெர்லின் தங்கையின் கையைப் பிடித்தபடி நின்றாள்.

ஏற்காடு பஜாரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் ஷெர்லின். வாய் கொஞ்சம் நீளம். ஆபீசர், போலீஸ், பாதிரியார் யாராக இருந்தாலும் நியாயம் கேட்காமல் விடமாட்டாள். அப்பேர்ப்பட்ட வாய் முப்பத்தொன்பது நாளாக அடங்கிக் கிடந்தது. காரணம், பக்கத்தில் நின்ற ஷீனா.

தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஷீனா கைவேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து விறைத்து நிற்பாள். உள்ளங்கைகளை முன்னால் நீட்டுவாள். உதடுகள் எதையோ சொல்லத் துடிக்கும். பல்லைக் கடித்து அடக்கிக்கொள்வாள். உடனே இரண்டு உள்ளங்கைகளிலும் பிரம்படித் தடிப்பு சிவந்து எழும். அடித்தவர் யாரும் அங்கே இருக்க மாட்டார்கள்.

அப்பா டோமினிக்கும் போன வருஷம் இப்படித்தான் நின்றார். நாற்பதாம் நாள் வாயைத் திறந்து, "எஸ் சார்" என்றார். விழுந்தவர் எழவில்லை.

ஷீனாவுக்கு இன்று நாற்பதாம் நாள்.

எல்லாம் ஒரு ஊறுகாய் பாட்டில் மண்ணால் வந்தது. அந்தப் பாட்டில் இப்போது ஷெர்லினின் பைக்குள் இருந்தது.

"வந்துட்டீங்ளா அம்மிணி," என்று கேட்டைத் திறந்தார் வெங்கடாசலம். தலைச்சோலை ஊர்க்காரர், பங்களாவுக்கு வாட்ச்மேன். அப்பா போன வருஷம் இங்கே பிடிமண் எடுக்க வந்தபோது கூட நின்றவர் அவர்தான்.

எஸ்டேட் கைமாறப் போகிறது, ரிசார்ட் வரப் போகிறது, எள்ளுத் தாத்தாவின் சமாதியை இடித்துவிடுவார்கள் என்று அப்பாவுக்குத் தெரியவந்தது. ஒரு பிடி மண்ணையாவது எடுத்துப் போய்க் கல்லறைத் தோட்டத்தில் நம் ஆட்களோடு சேர்த்துவிடலாம் என்று வந்தார். செத்தவரின் பெயரை மூன்று முறை கூப்பிட்ட பிறகுதான் மண்ணில் கை வைக்க வேண்டும் என்பது மலை வழக்கம். அந்தப் பெயர்தான் யாருக்கும் தெரியாது. கல்லில் இருந்தது ஒரு நங்கூரம், ஒரு கப்பலின் பெயர், 117 என்று ஓர் எண். வீட்டிலும் 'நூத்திப் பதினேழு தாத்தா' என்றே சொல்லிப் பழக்கம். அப்பா அந்த எண்ணையே மூன்று முறை கூப்பிட்டு மண்ணை அள்ளிவிட்டார்.

கல்லறைத் தோட்டத்தில் அனுமதி கிடைக்கும்வரை பாட்டில் கட்டிலுக்கு அடியில் இருந்தது. அனுமதி வருவதற்குள் அப்பா போய்விட்டார். இந்த வருஷம் கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது, என்னவோ ஏதோ என்று மூடியைத் திறந்தவள் ஷீனா.

"நா அன்னிக்கே தடுத்திருக்கோணுங்க," என்றார் வெங்கடாசலம். "பேரச் சொன்னா பேருக்கு ஒடையவரு வருவாரு. நம்பரச் சொன்னா, அந்த நம்பரு வெச்சவன்தானுங்களே வருவான்."

"இன்னிக்குப் பேரோட வந்திருக்கறனுங்கண்ணா."

கல்லின் போட்டோவை ஷெர்லின் இங்கிலாந்தில் ஓர் ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பியிருந்தாள். நேற்றுத்தான் பதில் வந்தது. தண்டனை பெற்ற சிறுவர்களைப் போட்டு வைத்த சீர்திருத்தக் கப்பல் அது. பேரேட்டில் இரண்டு பக்கம். ஆல்ஃபிரட் பைக், வயது பதினொன்று, ஒரு ஜோடி பூட்ஸ் திருடியவன். அதற்குக் கீழே ஒரே வரி பதினான்கு தேதிகளில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தது. எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டதற்குப் பதில் சொல்லவில்லை, பன்னிரண்டு பிரம்படி. அடித்த டிரில் மாஸ்டர் பிற்பாடு இந்தச் சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டம் வாங்கித் துரை ஆனான். வேலைக்காரனாக அந்தப் பையனையும் கூட்டி வந்தான் என்பதோடு பேரேடு முடிந்தது. மற்றது வீட்டில் வழிவழியாகச் சொல்லும் கதை. பையன் இங்கேயே வளர்ந்தான், கண்ணம்மாள் என்ற மலைப் பெண்ணைக் கட்டினான், ஒரு பிள்ளையைப் பெற்றான், முப்பது வயதுக்குள் செத்தான். செத்த பிறகும் துரை அவன் தலைமாட்டில் எண்ணைத்தான் வெட்டி வைத்தான்.

இதைப் படித்தபோது ஷெர்லினுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது.

காப்பி காயப் போடும் களத்துக்குப் பின்னால் கல் இருந்தது. ஷெர்லின் பாட்டிலைத் திறந்து பழைய மண்ணைக் கொட்டினாள். வெங்கடாசலம் குனிந்து களைக்கொத்தால் புது மண்ணைக் கிளறிவிட்டார். காப்பிச் செடிகளின் ஈர வாசனையோடு வேறொரு வாசனையும் வந்தது. தாரும் உப்பும் ஊறிப்போன கயிற்றின் நாற்றம். மலையில் எங்கே கடல்?

பங்களாவின் மரத்தளம் கிறீச்சிட்டது. ஒரு பக்கம் சாய்ந்து, மறு பக்கம் சாய்ந்து, மெதுவாக.

எங்கோ மணி அடித்தது.

"இங்க மணியே கெடையாதுங்க," என்று முணுமுணுத்தார் வெங்கடாசலம்.

ஷீனாவின் கை ஷெர்லினின் பிடியிலிருந்து நழுவியது. அவள் விறைத்து நின்றாள். உள்ளங்கைகள் நீண்டன. பனிக்குள் களத்துச் சிமெண்டின் மேல் பூட்ஸ் சத்தம் வந்தது. அவசரமே இல்லாத நடை.

இத்தனை நாள் ஷீனாவுக்கு மட்டும் கேட்ட குரல் இப்போது மூவருக்கும் கேட்டது.

"ஒன்... ஒன்... ஃபைவ்."

ஒரு பொடிக் குரல் பதில் சொன்னது. "எஸ் சார்."

"ஒன்... ஒன்... சிக்ஸ்."

"எஸ் சார்."

"ஒன்... ஒன்... செவன்."

ஷீனாவின் உதடுகள் பிரிந்தன.

"சொல்லாத கண்ணு!" ஷெர்லின் தங்கையின் வாயைப் பொத்தினாள். காற்றைக் கிழித்துக்கொண்டு பிரம்பு வீசும் ஒலி. இந்த முறை அடி ஷெர்லினின் புறங்கையில் விழுந்தது. எலும்புவரை எரிந்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

அந்த வலிதான் அவள் வாயைத் திறந்தது.

"பதினோரு வயசுப் பையன அடிச்சவன்தானடா நீ! பதினாலு தடவ அடிச்சும் உன்னால அவன் வாயத் தொறக்க முடியல. நாங்க அவன் ரத்தம். எங்ககிட்டயா?"

பூட்ஸ் சத்தம் நின்றது. மிக அருகில்.

"ஆல்ஃபிரட் பைக்!" என்று கத்தினாள். "ஆல்ஃபிரட் பைக்! வாங்க தாத்தா, ஊட்டுக்குப் போலாம். ஆல்ஃபிரட் பைக்!"

மண்ணில் கையை விட்டு ஒரு பிடி அள்ளினாள்.

மண் வெதுவெதுப்பாக இருந்தது.

"ஒன் ஒன் செவன்," என்றது குரல். முதல் முறையாக அதில் பதற்றம் இருந்தது.

ஷெர்லினின் இடுப்பு உயரத்தில், அவளை ஒட்டி நின்று, ஒரு பையன் ஆங்கிலத்தில் சொன்னான். நிறுத்தி, தெளிவாக, கொஞ்சம் திமிராகவே சொன்னான்.

"மை நேம் இஸ் ஆல்ஃபிரட் பைக்."

ஷீனா "அக்கா" என்று அலறி அவள் தோளில் சாய்ந்தாள். தார் நாற்றம் கலைந்தது. மூவரும் திரும்பிப் பார்க்காமல் கேட்டுக்கு ஓடினார்கள்.

மறுநாள் காலை கல்லறைத் தோட்டத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் அந்த மண்ணைப் புதைத்தார்கள். தன் கடையிலேயே பெரிய எழுத்தில் பெயரை அச்சடித்து, லேமினேட் செய்து, மரச் சிலுவையில் ஆணியடித்தாள் ஷெர்லின். கல் வெட்டும்வரை அது போதும்.

சாயங்காலம் ஐந்தடித்தது. ஷீனா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஐந்து மணி ஒரு நிமிஷம். ஐந்து மணி இரண்டு நிமிஷம். கத்தி நிற்கவில்லை. அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

போன் அடித்தது.

"அம்மிணி," என்றார் வெங்கடாசலம். "கல்லாண்ட நிக்கறனுங்க. நூத்திப் பதினேழச் செதுக்கி எடுத்துட்டு, நூத்திப் பதினெட்டுன்னு புதுசா வெட்டியிருக்குதுங்க. இந்தத் தூறல்லயும் கல்லுத் தூளு காஞ்சு கெடக்குது. எனக்கு நொம்பப் பயமா இருக்குதுங்க."

அவருக்குப் பின்னால் மணி அடிப்பது போனில் கேட்டது. பிறகு பூட்ஸ் சத்தம்.

"ஒன்... ஒன்... எய்ட்."

நேற்று, பெயரைக் கூப்பிடுவதற்கு முன்பே, அந்த மண்ணைக் கிளறியது அவருடைய கை.

"அண்ணா! அதுக்கு ஆமான்னு மட்டும் சொல்லீராதீங்க!" ஷெர்லின் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். "உங்க பேரச் சொல்லுங்க! சொல்லிக்கிட்டே இருங்க! நாங்க வாரோம்!"

பிரம்பு வீசும் சத்தம். ஓர் அலறல். அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

ஸ்கூட்டர் கிளம்பியது. ஷீனா பின்னால் ஏறி உட்கார்ந்து போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். எதிர்முனையில் யாரோ மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது.

"வெங்கடாசலம்டா!" என்று கத்தினார் அவர். "தலைச்சோலை ஐயாக்கண்ணு மவன் வெங்கடாசலம்!"

பிரம்பு மறுபடி வீசியது. அவர் இன்னும் சத்தமாகச் சொன்னார்.