கச்சான் காற்றில் ஒரு பெயர்

பயிற்சிப் பள்ளியில் முதல் நாள் வழக்கம் ஒன்று இருந்தது. ஒவ்வொருவரும் தங்கள் ஊர்க்காற்றை ஒரு குப்பியில் அடைத்துக் கொண்டுவந்து, எல்லோர் முன்னாலும் திறக்க வேண்டும். பின்னோடி என்ற இயந்திரம் அதை உறிஞ்சி, நான்கு நிமிடம் முனகி, அந்தக் காற்று எங்கெங்கே இருந்து வந்தது என்று சுவரில் எழுதிக் காட்டும்.

லீமாவிலிருந்து வந்த ஆய்வாளரின் குப்பியில் பக்கத்து வீட்டுக்காரர் பொரித்த மீன் இருந்தது. கிராக்கோவ் பெண்ணின் குப்பியில் அவள் அப்பா விட்டுவிட்டதாகச் சொல்லியிருந்த சிகரெட் இருந்தது. பதினோரு நாடுகளிலிருந்து கொடைக்கானல் மலைக்கு வந்திருந்த இருபத்திரண்டு இளம் வளிமண்டல ஆய்வாளர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பின்னோடி வந்த பிறகு ஊரில் யாரும் திருட்டுத்தனமாகக் குப்பை கொளுத்த முடியவில்லை. ஒவ்வொரு தூசித் துகளிலும் அதைப் பெற்ற நெருப்பின் தடம் இருக்கும். இயந்திரத்திடம் நாற்பது வருடக் காற்றுக் குறிப்புகள் இருந்தன. சட்டப்படி எல்லாப் புகைபோக்கிகளின் பணிப்பதிவும் அதில் ஏற்றப்பட்டிருந்தது. துகளின் தடத்தைப் பிடித்து, காற்றைப் பின்னோக்கி ஓட்டினால், அந்த நேரத்தில் பணியில் இருந்த ஆளின் பெயர் வரை வந்துவிடும். அதை ஓட்டப் பழகுவதற்குத்தான் இந்த ஆறு வாரப் பயிற்சி.

பதினோராவதாக மெட்டில்டா எழுந்தாள். அவள் கையில் இருந்தது ஊறுகாய் பாட்டில். மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றி அடைத்திருந்தது. மேலே அவள் அப்பா சவரிமுத்துவின் கையெழுத்தில் தேதியும் நேரமும் இருந்தன. பதினேழு வருடத்துக்கு முந்தைய தேதி. மாலை நான்கு இருபது.

அன்றைக்குத்தான் அவளுடைய கடலோர ஊரான கொற்றமுனையில் அமில ஆலையிலிருந்து வாயு கசிந்தது. தெருவில் விளையாடிக்கொண்டிருந்த அவள் தம்பி ரெமி, ஒன்பது வயது, மூச்சு முட்டிச் செத்தான். அப்பா முற்றத்தில் நின்று அழுதுகொண்டே இந்த பாட்டிலைத் திறந்து மூடினார். "நாளைக்கு எவனும் இல்லைன்னு சொல்லிரக் கூடாது," என்றார். அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தவர்; மாதிரி எடுத்து வைக்கத் தெரிந்திருந்தது. ஆனால் அரசு அனுப்பிய நிபுணர், வாயு கடலிலிருந்து வந்தது, இயற்கையானது என்று எழுதிவிட்டார். வழக்கு மூடப்பட்டது. அந்த நிபுணர் பேராசிரியர் வில்வநாதன். இப்போது இந்தப் பள்ளியின் இயக்குநர்.

மெட்டில்டா இங்கே மூன்று முறை விண்ணப்பித்து, மூன்றாவது முறைதான் தேர்வானாள்.

"இவ்வளவு பழைய மாதிரி பயிற்சிக்குச் சரிப்படாதேம்மா," என்றார் வில்வநாதன், தேதியைப் படித்துவிட்டு.

"ஊர்க்காத்துன்னுதான சார் கேட்டிருந்தீங்க? இது எங்க ஊர்க்காத்துதான்."

பின்னோடி முனகியது. கொற்றமுனை அமில ஆலை, மூன்றாம் கோபுரம், தொண்ணூற்று நான்கு விழுக்காடு. கடல், இரண்டு. மெட்டில்டா பையிலிருந்து பழைய அறிக்கையின் நகலை எடுத்துச் சுவருக்குப் பக்கத்தில் ஒட்டினாள். அதில் வில்வநாதனின் கையெழுத்தை ஒரு வாரம் முன்பே சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருந்தாள்.

"அது குழுவோட முடிவு," என்றார் அவர். "அஞ்சு பேர் இருந்தோம். மேலிடத்து நெருக்கடி வேற. உனக்குப் புரியணும்..."

"குழுவுக்கு மூச்சு முட்டாது சார். ஒரு ஆளுக்குத்தான் முட்டும். அதனால ஒரு பேர் சொல்லுங்க. எழுந்து நின்னு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி."

பிறகு லீமாக்காரர் மேசையைத் தட்டினார். இன்னொருவர் தட்டினார். இருபத்தொரு பேரும் தட்டினார்கள். வில்வநாதன் எழுந்து நின்று தன் பெயரைச் சொன்னார். பிறகு ரெமியின் பெயரையும் சொல்ல வேண்டும் என்றாள் மெட்டில்டா. சொன்னார். மறுநாள் காலை முதல் பேருந்தில் மலையிறங்கிப் போய்விட்டார்.

அன்று இரவு மெட்டில்டா மூன்று தோசை அதிகமாகச் சாப்பிட்டாள். அறைக்குப் போய்க் கணக்கை ஏழு முறை சரிபார்த்தாள். தன் கணக்கில் எங்கோ பிழை இருக்கும் என்றே எப்போதும் நினைக்கிறவள். பிழை இல்லை. அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"நின்னானா?" என்று கேட்டார் சவரிமுத்து. "ரெமி பேரச் சொன்னானா? இன்னொருக்கா சொல்லு பிள்ள, முதல்ல இருந்து சொல்லு." நான்கு முறை சொல்ல வைத்தார்.

அதோடு முடியவில்லை. எல்லோருக்கும் யாரோ ஒருவர் செத்திருந்தார்கள், அல்லது இருமிக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு எழுதி, இறந்தவரின் முகமூடி, பழைய ஏசியின் வடிகட்டி, தொட்டிலின் கொசுவலை என்று வரவழைத்தார்கள். சனிக்கிழமை பிற்பகல்களில் கூடினார்கள். ஒரு மாதிரி, ஒரு பெயர். பெயர் வந்தவரைத் தொலைபேசியில் அழைத்து, எல்லோரும் கேட்க, சொல்ல வைப்பது. அழைக்கும் வேலையை மெட்டில்டா ஏற்றுக்கொண்டாள். அவளுக்கு நடுங்காத குரல் வாய்த்திருந்தது.

கிராக்கோவ் பெண்ணின் மாதிரியில் ஜெர்மானியத் தோழியுடைய சித்தப்பாவின் பெயர் வந்தது. இருவரும் வேறு வேறு சாப்பாட்டு மேசைக்கு மாறிக்கொண்டார்கள். நான்காம் வாரத்தில் உணவுக்கூடத்தில் பேச்சுச் சத்தமே குறைந்துவிட்டது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

ஐந்தாம் சனிக்கிழமை நிரோஜினியின் முறை. இலங்கையின் மன்னாரைச் சேர்ந்தவள், மெட்டில்டாவின் அறைத்தோழி. தாய் ஆறு வருடம் இருமி, போன ஆண்டு இறந்தாள். அவள் படுத்திருந்த அறையின் ஜன்னல் வலையை நிரோஜினி சுருட்டிக் கொண்டுவந்திருந்தாள்.

"அக்கா, எனக்குப் பயமா இருக்கு," என்றாள். "பேர் வந்தா நான் என்ன கதைக்கிறது?"

"நீ ஒண்ணும் பேச வேணாம். நான் பாத்துக்கிடுதேன். எவன்னாலும் விட மாட்டேன்."

பின்னோடி வலையின் தூசியை அடுக்கு அடுக்காக உரித்தது. நிலக்கரிச் சாம்பல். கச்சான் காற்று, மேற்கிலிருந்து. கடலைத் தாண்டி வந்தது. கொற்றமுனை அனல்மின் நிலையம். சாம்பல் பிடிப்பான் அணைத்து வைக்கப்பட்ட பிற்பகல்கள், இருநூற்றுப் பன்னிரண்டு. அந்தப் பிற்பகல்களில் பணியில் இருந்தவர், சவரிமுத்து.

மெட்டில்டா மாதிரியின் வேறு அடுக்கை வைத்து ஓட்டினாள். பிறகு வலையின் வேறு மூலையை. பிழை இருக்க வேண்டும் என்று முதல்முறையாக வேண்டிக்கொண்டாள். அதே பெயர் வந்தது.

பிடிப்பான் மின்சாரத்தை நிறையக் குடிக்கும், நாளுக்குச் சில மணி நேரம் அணைக்கச் சொல்லி மேலதிகாரிகள் உத்தரவு போடுவார்கள் என்று அப்பா வீட்டில் சொல்லியிருக்கிறார். எந்த நேரம் என்பது மட்டும் அவர் கையில் இருந்தது. கச்சான் அடிக்கும் பிற்பகல்களாகப் பார்த்து அணைத்தார். "ஊருக்குள்ள ஒரு பொட்டுச் சாம்பல் வராது. எல்லாம் கடலுக்குப் போயிரும். அங்க யாரு இருக்கா?" ரெமி செத்த பிறகு தெருப் பிள்ளைகளுக்காக அவர் கண்டுபிடித்த வழி அது. அதற்காக அவரைத் தெருவே கும்பிட்டது.

நிரோஜினி சுவரைப் பார்த்தாள். பிறகு மெட்டில்டாவின் சட்டையில் குத்தியிருந்த பெயரட்டையைப் பார்த்தாள். மெட்டில்டா சவரிமுத்து.

"உங்கட அப்பாவோ?"

"ஆமா."

"வேண்டாமெண்டால் விடுவம் அக்கா," என்றாள். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். கை மட்டும் வலையை விடவில்லை.

"மேலிடத்து உத்தரவு அது," என்றாள் மெட்டில்டா. "அவரா ஒண்ணும்..."

கிராக்கோவ் பெண் மேசையை ஒரு முறை தட்டினாள். ஜெர்மானியத் தோழியும் தட்டினாள். அந்த மாதத்தில் இருவரும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அது. பிறகு எல்லோரும்.

மெட்டில்டா எண்ணை அழுத்தினாள். கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசை நடுவே வைத்தாள். இரண்டாவது மணியிலேயே அப்பா எடுத்தார்.

"ஏ பிள்ள, இப்பதான் நெனச்சேன். இன்னைக்கு அந்த மன்னாருப் பிள்ளைக்குன்னு சொன்னியே, எவன்னு தெரிஞ்சுதா?"

மெட்டில்டா சுவரில் இருந்த பெயரைப் பார்த்தாள்.

"என்ன, பெரிய ஆளா? பயந்துக்கிட்டு விட்டுராதீய. பிள்ளயோட அம்மாவக் கொன்னிருக்கான். மேல சொன்னாக, கீழ சொன்னாகன்னு கதை விடுவான், கேக்காத. நின்னு பேரச் சொல்லச் சொல்லு. அந்தப் பிள்ள பக்கத்துல இருக்கா? அவகிட்ட குடு."

மெட்டில்டா கைப்பேசியை எடுத்து நிரோஜினியிடம் நீட்டினாள். அவள் அதை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லும்மா," என்றார் சவரிமுத்து, மிகுந்த பரிவோடு. "அவன் பேரு என்ன?"