கீரைத் தொட்டிக்குப் பின்னால்

காலை எட்டரைக்கு அச்சகக்காரர் சாப்பாட்டு மேசையில் கவிழ்ந்து கிடந்தார். தட்டில் பாதிக் கீரை மிச்சம். அதிலிருந்து பூச்சிமருந்து நெடி லேசாக வந்தது.

உடலை எடுத்துப் போன கையோடு, வழக்கு முடிந்தது என்றார் ஏட்டு. பால்கனியில், கீரைத் தொட்டிக்குப் பின்னால், பாதி காலியான மருந்துப் பாட்டில் நின்றது. அதே நெடி. கீரையை வளர்த்தது, பறித்தது, சமைத்தது எல்லாம் மனைவி.

"பாட்டிலைத் தொடலை மேடம். வண்டிக்குச் சொல்லிட்டேன். அந்தம்மாவை ஏத்திட வேண்டியதுதான்."

"சினிமாவுக்கா நேரமாச்சு? வண்டி வரட்டும். அதுவரைக்கும் பேசுவோம்," என்றார் இன்ஸ்பெக்டர்.

மனைவி சுவரோடு ஒட்டி நின்றாள். செத்தவரின் தம்பி நாற்காலியில் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தான்.

"நீங்க என்ன பாத்தீங்க?"

"விடியும்போது அண்ணி கீரைக்கு மருந்து அடிச்சாங்க. ஜன்னல்லேருந்து பாத்தேன். அதையே பறிச்சாங்க. தொட்டிக்கெல்லாம் தண்ணி ஊத்திட்டு அடுப்படிக்குள்ள போனவங்க, அண்ணன் சாயற வரைக்கும் வெளிய வரலை. அப்புறமும் அவர் பக்கத்தை விட்டு நகரலை." அண்ணியின் பக்கம் திரும்பினான். "ஏன் அண்ணி இப்படிப் பண்ணீங்க?"

"பொய்! இந்த வீட்டுக்குள்ள மருந்தே வந்ததில்ல. பூச்சியை விரலால நசுக்குவேன். வீட்டை விக்க அவர் ஒத்துக்கலைன்னு என் தலையில கட்டறீங்களா தம்பி?"

"பாருங்க மேடம், இழவு வீட்லயும் சண்டைக்கு வர்றாங்க," என்றான் தம்பி.

இன்ஸ்பெக்டர் மனைவியிடம் திரும்பினார். "தட்டை மேசைக்குக் கொண்டுபோனது யாரு?"

"தம்பிதான். என்னிக்கும் இல்லாத திருநாளா, நான் எடுத்துட்டுப் போறேன்னாரு."

"கொடுத்துட்டு?"

"பால்கனியில போன் பேசினேன்," என்றான் தம்பி. "அதுவும் குத்தமா?"

இன்ஸ்பெக்டர் பால்கனிக்குப் போனார். பெயிண்ட் வாளிகளில் தக்காளி, கத்தரி. நீளத் தொட்டியில் கீரை. அடித்துளைகளில் வழிந்த தண்ணீர் மண்ணைக் கொண்டுவந்து தரை முழுக்கப் பூசியிருந்தது. ஈரம் இன்னும் போகவில்லை. மண்டியிட்டு ஓர் இலையைத் திருப்பினார். கைக்குட்டையால் பாட்டிலைத் தூக்கி, அடியில் இருந்த தரையைப் பார்த்தார்.

கீழே தெருவில் வண்டி வந்து நின்றது.

"எல்லாரும் இங்க வாங்க."

இலையின் அடிப்பக்கம் கடுகை விடச் சின்ன பச்சைப் பூச்சிகள் அப்பியிருந்தன. காலை ஆட்டின; நகர்ந்தன. தண்டில் எறும்புகள் ஏறி இறங்கின.

"மருந்து அடிச்ச கீரையில இதெல்லாம் குடித்தனம் நடத்துமா? ஒரு சொட்டுகூட இதுல படலை. அப்புறம் ஜன்னல்லேருந்து எதைப் பாத்தீங்க தம்பி?"

"அப்ப... சமைக்கும்போது கலந்திருப்பாங்க!"

"சரி. பாட்டில் இங்க எப்படி வந்துச்சு? தண்ணி ஓடினப்போ இது இங்க நின்னிருந்தா, அடியில வட்டமா சுத்தமான தரை இருக்கணும். இங்க பாட்டிலுக்கு அடியிலயும் மண்ணு பரவியிருக்கு. தண்ணி ஓடின பிறகு வச்சது. அதுக்கப்புறம் உங்க அண்ணி இந்தப் பக்கமே வரலை. சொன்னது நீங்க. பால்கனிக்கு வந்தது நீங்க. தட்டு போனதும் உங்க கையில. அண்ணனைக் கொன்னது நீங்கதான்."

தம்பி வாசல் பக்கம் பார்த்தான். ஏட்டு அங்கே நின்றார்.

வண்டியில் அவனை ஏற்றினார்கள்.

"உங்க மேல எதுவும் இல்லம்மா. உள்ள போய் உக்காருங்க."

அவள் நகரவில்லை.

"சாயறப்போ என் முகத்தைத்தான் பாத்தாரு. 'என்னடி போட்டே'ன்னு கேட்டாரு. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள போயிட்டாரு."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

"இப்ப நீங்க என்கிட்ட சொல்லிட்டீங்க மேடம். அவர்கிட்ட யாரு சொல்லுவா?"