நடக்கும் எடை

மலையடிவாரத்துத் தானியக் கிடங்கின் எடை மேடைக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி. காலையில் புறப்பட்டதிலிருந்து எதுவும் உருப்படியாக நடக்கவில்லை. ராய்ஸ் ஹாகனின் பிக்கப் வண்டி சமவெளியிலேயே மூச்சு வாங்கியது. பின்னால் கோர்த்திருந்த டிரெய்லர் அதன் வாலை அழுத்திப் பிடித்திருக்க, முன்விளக்குகள் வானத்தைப் பார்த்தன. எதிரே வந்தவர்கள் கண் கூசி ஹார்ன் அடித்துவிட்டுப் போனார்கள்.

"பெரிய வண்டியா வாங்குன்னு எங்கண்ணன் அப்பவே சொன்னான்," என்றாள் அவன் மனைவி லவோன்.

"உங்கண்ணன் எதைத்தான் சொல்லலை?"

ராய்ஸ் இருபத்தேழு வருடம் பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்த்தவன். இந்த வண்டி ஆறாயிரம் பவுண்டு இழுக்கும். டிரெய்லரோ சாமான்களோடு சேர்த்து நாலாயிரத்தைத் தாண்டாது. மூன்று தடவை கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் கிளம்பினான். சனிக்கிழமை மலைக்கு அந்தப் பக்கம், கோடி என்ற ஊரில், மகள் பிரிட்டாவுக்குக் கல்யாணம். விடுதி ஒன்றிலும் இடமில்லை. அதனால்தான் போன மாதம் கில்லெட் ஊரில் ஆர்வில்லா என்ற கிழவியிடம் இந்தப் பழைய டிரெய்லரை வாங்கினார்கள்.

டிரெய்லரின் சக்கரங்கள் மட்டும் மேடைமேல் நிற்கும்படி நிறுத்திவிட்டு இருவரும் இறங்கினார்கள். எடை பார்க்கும் பெண் ஜன்னலுக்கு உள்ளிருந்து எண்களைப் பார்த்தாள். முகம் சுளித்தாள்.

"உள்ள இருக்கறவரை இறங்கச் சொல்லுங்க சார். முன்னயும் பின்னயும் நடந்துக்கிட்டே இருந்தா நான் எப்படி எடை பார்க்கறது?"

"உள்ள யாருமில்லையே."

"நூறு ஏறுது, நூறு இறங்குது. நீங்களே வந்து பாருங்க."

ராய்ஸ் எட்டிப் பார்த்தான். எண்கள் மெதுவாக ஏறின, ஒரு கணம் நின்றன, மெதுவாக இறங்கின. ஒரு ஆள் டிரெய்லரின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கக் கட்டில்வரை போய், திரும்பி வர எடுத்துக்கொள்ளும் நேரம் அது.

"உங்க மேடை கெட்டுப்போச்சு," என்றான்.

"இப்பத்தான் கோதுமை லாரி ஒண்ணு ஏத்தினேன். கல்லு மாதிரி நின்னுச்சு."

லவோன் டிரெய்லரின் கதவைத் திறந்து பார்த்தாள். சாமான்கள்தான், ஆள் இல்லை. ஈரக் கம்பளியும் பழைய புகையிலையும் கலந்த வாசம் மட்டும் வந்தது. அவர்கள் இருவருக்குமே புகைப் பழக்கம் கிடையாது.

"தண்ணித் தொட்டியைத் திறந்து விட்டுடலாம், எடை குறையும்," என்றான் ராய்ஸ். முப்பது கேலன் தண்ணீரும் சரளைக் கல்லில் ஓடி மறைந்தது. வண்டியின் வால் ஒரு விரல்கூட எழும்பவில்லை.

பிக்ஹார்ன் மலை ஏற்றத்தில் வேகம் இருபத்தைந்து மைலுக்கு இறங்கியது. பின்னால் பதினைந்து வண்டிகள் வரிசை கட்டி ஊர்ந்தன. ஒதுங்க இடம் கிடைத்து வழி விட்டபோது ஒருவன் ஜன்னலைத் திறந்து, "இறங்கித் தள்ளுங்கப்பா, சீக்கிரம் போய்ச் சேரலாம்," என்று கத்திவிட்டுப் போனான். ராய்ஸ் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் குத்தினான். இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. பிக்கப்பின் முன்சக்கரங்களில் பாரமே இல்லை. ஸ்டியரிங் காற்றில் சுற்றுவதுபோலச் சுற்றியது.

"டிரெய்லர்ல முன்னாடி பாரம் அதிகமா இருக்கு. நீதான் டப்பாச் சாமானை எல்லாம் முன்னாடி அடுக்கிட்ட."

"எல்லாம் நடுவுலதான் இருக்கு. நீ சொன்னபடியேதான் அடுக்கினேன்."

கணவாயின் உச்சியில் நின்றார்கள். காற்று ஊளையிட்டது. அடுத்தது இறக்கம், பத்து மைலுக்கு வளைவு வளைவாக. ராய்ஸ் கொக்கியையும் சங்கிலியையும் குனிந்து பார்த்து முனகிக்கொண்டிருந்தான். லவோன் பாறை மறைவில் நின்று ஆர்வில்லாவுக்குப் போன் போட்டாள். நாலு தடவை மணி அடித்த பிறகுதான் கிழவி எடுத்தாள்.

"டிரெய்லர்ல ஏதோ பாரம் இருக்கும்மா. எங்களுக்கு ஒண்ணும் புரியலை."



"மலையில இருக்கீங்களா? ஏறுறீங்களா, இறங்குறீங்களா?"

"உச்சியில நிக்கறோம்."

"ஏறும்போது முன்னாடி நிப்பார். இறங்கும்போது பின்னாடி போயிடுவார். அப்பத்தான் ஆபத்து, வண்டி வாலாட்டும். ஓட்டறவர் வாயால உட்காரச் சொல்லணும் கண்ணு. மத்தவங்க சொன்னா கேக்க மாட்டார்."

"யாரு, உங்க வீட்டுக்காரரா?"

"எங்க வீட்டுக்காரர் பின்கட்டுல தோட்ட வேலை செஞ்சிட்டிருக்காரு. நான் சொல்றது அவரை. யாருன்னு எனக்குத் தெரியாது. நாங்க வாங்கும்போதே இருந்தார்."

"இதை விக்கும்போது சொல்லியிருக்கலாமேம்மா."

"பத்தொன்பது வருஷமா உட்காருங்க, உட்காருங்கன்னு சொல்லி அலுத்துப்போச்சு கண்ணு," என்றாள் ஆர்வில்லா. போனை வைத்துவிட்டாள்.

லவோன் வண்டியில் ஏறி, கேட்டதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். ராய்ஸ் பெல்ட்டை மாட்டிக்கொண்டே கேட்டான். காதுமடல் சிவந்தது.

"காலையிலிருந்து வண்டி என் உயிரை வாங்குது. இப்ப நீயும் சேர்ந்துக்கிட்டியா? காலி டிரெய்லர்கிட்ட நான் உட்காருன்னு சொல்லணுமா?"

"ஒரு தடவை சொல்லேன். என்ன குறைஞ்சுடப்போற?"

"முடியாது."

சின்ன கியரில் இறங்கினார்கள். முதல் இரண்டு மைல் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. சூரியன் மேற்கு முகட்டில் சாய்ந்து, பள்ளத்தாக்கில் நிழல் நிரம்பத் தொடங்கியிருந்தது. அப்போதுதான் பிக்கப்பின் வால் மெல்ல மேலே எழுந்தது. காலையிலிருந்து அழுத்திக்கொண்டிருந்த பாரம் கையை எடுத்ததுபோல இருந்தது.

பின்னால் தரை கிறீச்சிட்டது.

ஒரு காலடி. இடைவெளி. இன்னொரு காலடி.

மூடிய ஜன்னல்களையும் இன்ஜின் இரைச்சலையும் தாண்டி அது எப்படிக் கேட்டது என்று ராய்ஸால் பின்னாளிலும் சொல்ல முடியவில்லை. பாரம் பின்னுக்குப் போகப்போக, கண்ணாடியில் டிரெய்லர் இடப்பக்கம் ஒதுங்கியது. பிறகு வலப்பக்கம். பிக்கப்பின் பின்சக்கரங்கள் அதனோடு சேர்ந்து இழுபட்டன.

பிரேக்கை மிதித்தால் டிரெய்லர் முன்னால் திரும்பி வண்டியோடு மடங்கிவிடும். அது அவனுக்குத் தெரியும். டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடிக்கும் பொத்தானை அழுத்தினான். ஆட்டம் சற்று அடங்கியது.

பின்னால் இன்னொரு காலடி விழுந்தது.

இப்போது ஆட்டம் சாலையின் அகலம் முழுக்க வந்தது. வலப்பக்கம் தடுப்புக் கம்பி. அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை. டிரெய்லரின் மூலை கம்பியை உரசிப் பொறி பறந்தது.

"உட்காருங்க," என்றாள் லவோன், பின்னால் திரும்பி. "தயவுசெஞ்சு உட்காருங்க."

ஒன்றும் நடக்கவில்லை.

"ராய்ஸ். நீ சொல்லு."

அவன் பற்களைக் கடித்துக்கொண்டிருந்தான். பொத்தான்மேல் இருந்த கட்டைவிரல் வெளுத்துவிட்டது. பிரேக் கருகும் நாற்றம் உள்ளே வந்தது.

"பிரிட்டாவுக்காகச் சொல்லேன்."

நாள் முழுக்க அடக்கி வைத்த எரிச்சல் எல்லாம் கத்தலாக வெளியே வந்தது.

"யோவ், உட்காருய்யா. எங்க ரெண்டு பேரையும் கொன்னுடாத."

கட்டில் கம்பிகள் முனகின. கனத்த ஓர் உடம்பு மெல்ல அமரும் சத்தம். அது நின்றதும் டிரெய்லர் இரண்டு தடவை அசைந்து, பிறகு நேராக, சாதுவாகப் பின்னால் வந்தது.

மீதி ஏழு மைலையும் சின்ன கியரிலேயே இறங்கினார்கள்.

அடிவாரத்தில் சரளை பரப்பிய ஓர் அகலமான திடல் இருந்தது. ராய்ஸ் வண்டியை நிறுத்தினான். முட்டுக் கட்டையை வைத்தான், சங்கிலியைக் கழற்றினான், கொக்கியை விடுவித்தான். மின்கம்பியைப் பிடுங்க மூன்று முறை முயல வேண்டியிருந்தது. லவோன் உள்ளே போகவில்லை. துணிப்பெட்டியைக்கூட எடுக்கவில்லை.

"விட்டுட்டா போறோம்?"

"பிரிட்டா வீட்டுத் தரையில படுத்துக்கலாம்," என்றான். "உங்கண்ணன்கிட்ட நீ இதைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதா தெரிஞ்சுது..."

முடிக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவனும் சிரித்துவிட்டான். காலையிலிருந்து இப்போதுதான் இருவரும் சேர்ந்து ஒன்றைச் செய்தார்கள். டிரெய்லரின் கதவு பூட்டியபடியே இருந்தது. இருட்டும் ஜன்னல்களில் எதுவும் அசையவில்லை.

பிக்கப் துள்ளிக் கிளம்பியது. வேகம் ஐம்பதைத் தாண்டியது, அறுபதைத் தொட்டது. இந்த வண்டிமேல் தனக்கு இருந்த பிரியம் ராய்ஸுக்குத் திரும்ப வந்தது. லவோன் காலணியைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்தாள். கோடிக்கு இன்னும் ஒரு மணி நேரப் பயணம்.

வண்டிக்குள் மணி ஒலித்தது. மெல்லிய, பொறுமையான ஒலி.

ராய்ஸ் தன் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தான். மாட்டியிருந்தது. லவோனும் தன்னுடையதைத் தொட்டாள். மாட்டியிருந்தது.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பாக ஒரு சிறு படம் எரிந்தது. பின்இருக்கை, வலப்பக்கம்: பெல்ட் மாட்டவில்லை.

"பின்னாடி ஏதாவது வெச்சிருக்கியா?" என்று கிசுகிசுத்தான்.

அவள் தலையை அசைத்தாள். இல்லை.

மணி விடாமல் ஒலித்தது. ஈரக் கம்பளி வாசம் மெதுவாக முன்பக்கத்துக்கு வந்தது. இருவரும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பின்னால் பெல்ட்டை நிதானமாக இழுக்கும் சத்தம் கேட்டது.

சொடுக்கென்று மாட்டியது.

சிவப்பு விளக்கு அணைந்தது.