காய்ச்சல் விட்ட சாயங்காலம்

அமலராணியின் நெற்றியில் போட்டிருந்த ஈரத்துணி சுடவில்லை. மூன்று நாளாக அந்தத் துணி, நனைத்துப் போட்ட கொஞ்ச நேரத்திலேயே இட்லித்துணி மாதிரி ஆவி பறக்கச் சூடேறிக்கொண்டிருந்தது. இன்று சாயங்காலம், கார்த்திகை மழை ஓட்டின்மேல் சலசலத்துக்கொண்டிருக்க, போட்டது போட்டபடி ஜில்லென்று கிடந்தது. அவள் கணவன் தேவானந்தம் அதை எடுத்துப் பிழிந்தான். நனைத்த தண்ணீரைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வந்த மாதிரி இருந்தது.

"காய்ச்சல் விட்டுடுச்சு தம்பி! மாதா கண் திறந்துட்டா!" என்றாள் ஞானஜோதி அக்கா. அமலராணிக்கு மூத்தவள். தந்தி கிடைத்த அன்றே புறப்பட்டு வந்து, கண்ணைக்கூட மூடாமல் தங்கை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள். "நான் கோயிலுக்குப் போய் ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு வந்துடறேன்."

அவள் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை.

தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் அவன் விலங்கியல் ஆசிரியர். ஏரி மீன்களின் உடம்பில் வரும் புண்தான் அவன் ஆராய்ச்சி. புண்ணை உண்டாக்கும் கிருமியின் பெயர் ஒன்றுதான், ஆனால் அதிலே பல வகை, வகைக்கொரு குணம். ஒன்றுக்கு ஃபிரிட்ஜின் குளிர் வேண்டும். இன்னொன்று மேஜைமேலேயே செழிக்கும். வளர்ந்த இடமெல்லாம் காப்பி டிக்காஷன் சிந்தியதுபோலப் பழுப்பேறும். அவன் பார்த்தவரையில், மனித உடம்பின் சூட்டில் வைத்த கிருமி வளர்க்கும் தட்டில் எந்த வகையும் பிழைத்ததில்லை.

போன வாரம் பள்ளிக்கரணையிலிருந்து மீன்கூடை கொண்டுவரும் எல்லம்மா வாசலில் கெளுத்தியைக் கொட்டினாள். "இன்னாத்துக்கு அப்டி பாத்துகினு கீறே? வாலாண்ட ஒரு புண்ணு, அவ்ளோதான். அத்த அறுத்துப் போட்டுட்டு கொழம்பு வையி," என்றாள். அமலராணி வாங்கத் தயங்கிக் கணவன் முகத்தைப் பார்த்தாள். "நம்ம உடம்புச் சூட்டுல அதெல்லாம் செத்துடும், வாங்கு," என்று அவன்தான் சொன்னான். மீனை ஆயும்போது முள் அவள் கட்டைவிரலில் ஏறியது. சனிக்கிழமை காய்ச்சல் கண்டது.

அன்றே விரலிலிருந்து சீழ் எடுத்துக் கல்லூரியில் இரண்டு தட்டில் வைத்தான். இன்று மத்தியானம் பார்த்தான். உடம்புச் சூட்டில் வைத்த தட்டு துடைத்த மாதிரி சுத்தம். ஃபிரிட்ஜில் வைத்தது முழுக்கப் பழுப்பு. கிருமி உயிரோடுதான் இருக்கிறது, அவளுடைய காய்ச்சல்தான் அதைத் தலையெடுக்கவிடாமல் அடக்கி வைத்திருக்கிறது என்று அப்போது புரிந்தது. மழையில் சைக்கிளை மிதித்து வந்து, "துணி போடாதீங்கக்கா, கம்பளி போடுங்க," என்று கெஞ்சினான். "ஜன்னி கண்டுடும் தம்பி. டாக்டரே துணி போடச் சொன்னார்," என்றாள் அக்கா. படித்தும் பைத்தியக்காரனாக இருக்கிறானே என்கிற பார்வை. அவனும் விட்டுக்கொடுத்துவிட்டான்.

"என்னங்க."

அமலராணி விழித்திருந்தாள். முகம் தெளிந்திருந்தது. அவளை இழந்துவிடுவோம் என்று பயந்து பயந்து கிடந்தவனுக்கு அந்தக் குரலைக் கேட்டதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நல்லாயிருக்குங்க. குளிக்கணும்போல இருக்கு."

தெர்மாமீட்டரை அவள் நாக்கின்கீழ் வைத்துக் காத்திருந்தான். பாதரசம் ஏறவில்லை. உதறிவிட்டு மறுபடியும் வைத்தான். ஏறவே இல்லை. நாடி பார்க்க அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"ஐயோ, உங்க கை சுடுது!" கையை வெடுக்கென்று உருவிக்கொண்டாள். அவன் விரல்கள் பட்ட இடத்தில் ஐந்து தடங்கள். பழுப்பு நிறத்தில்.

தெர்மாமீட்டர் தரையில் விழுந்து நொறுங்கியது. குனிந்து பொறுக்கும்போது கண்ணாடி அவன் விரலைக் கிழித்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டு நிமிர்வதற்குள் கரண்ட் போயிற்று. தூரத்தில் மின்சார ரயில் ஒன்று ஸ்டேஷனுக்குள் நுழையும் சத்தம். அது அடங்கியதும் வேறொரு சத்தம் கேட்டது. கொல்லைப் பக்கம். தண்ணீர் அலம்புகிற சத்தம்.

கட்டிலில் அவள் இல்லை.

"அமலா?"

கூடத்தில் ஈரக் காலடிகள். மழைக்குள் போகும் முன்பே ஈரம். ஏரிச்சேற்றின் வாடை. கொல்லைக் கதவு திறந்திருந்தது.

சிமெண்டுத் தொட்டி. அதில் கழுத்துவரை அவள். மீதமிருந்த மங்கல் வெளிச்சத்தில் முகம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

"ஜில்லுனு எவ்வளவு சுகமா இருக்கு தெரியுமா?"

மழைத்துளி அவள் கண்ணில் விழுந்தது. திறந்த கண்ணில். அவள் இமைக்கவில்லை. இன்னொரு துளி. இமைக்கவில்லை.

அவன் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதான்.

"அழாதீங்க. எனக்கு ஒண்ணுமில்லை," என்றாள். குரல் அவளுடையதுதான். தலைவலியென்று அவன் படுத்திருக்கும்போது பேசும் அதே குரல். "கையைப் பிடிச்சுக்கோங்க. இப்ப வேணாம். சுடும். தண்ணியில வெச்சு ஆறவிட்டுப் பிடிங்க."

அவன் இரண்டு கைகளையும் தண்ணீரில் விட்டான். குளிர் எலும்புவரை ஏறியது. அவளுடைய கட்டைவிரலிலிருந்து பழுப்பாக ஒரு இழை கிளம்பியது. தண்ணீரில் நெளிந்தது. அவன் விரலில் கண்ணாடி கிழித்த இடத்தை நோக்கி வந்தது.

எடுத்துவிடலாம். இன்னும் எடுத்துவிடலாம்.

எடுக்கவில்லை.

வாசலில் கேட் கிறீச்சிட்டது. "தம்பி! மெழுகுவத்தி ஏத்திட்டேன்! என் தங்கச்சி எழுந்துட்டாளா?"

அவன் விரல்கள் மரத்துப்போய்க்கொண்டிருந்தன. தண்ணீருக்கடியில் அவளுடைய கை மெல்ல நகர்ந்து வந்து அவன் கையைப் பற்றியது.

"இப்ப சுடலைங்க," என்றாள் அமலராணி.