கால் கழுவத் தண்ணீர்

காலையில் புஷ்பவதி முன்வாசலுக்கு வந்தபோது படியடியில் வாளி இல்லை. அது இருந்த இடத்தில், துலக்கித் துடைத்த பித்தளை அண்டா ஒன்று பளபளவென்று நின்றது. அதற்குள் தண்ணீர், தண்ணீரின் மேல் செவ்வரத்தைப் பூக்கள். பூவெல்லாம் அவள் நட்டு வளர்த்த செடியில் பிடுங்கியவைதான்.

அவள் சுற்றுமுற்றும் தேடினாள்.

"தம்பி... இதில இருந்த வாளி எங்க?"

குலசிங்கம் கண்ணாடிக்கு முன்னால் நின்று, காவலாளர் வேலைக்குக் கொடுத்த நீலச் சட்டைக்குப் பொத்தான் பூட்டிக்கொண்டிருந்தான். அவன் புஷ்பவதியின் கணவனுக்கு ஒரே தம்பி. திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னான்.

"பின்னுக்குக் கிடக்கு. இண்டைக்குக் கொழும்பில இருந்து பெரிய ஆக்கள் வருகினம், அண்ணி. கறள் பிடிச்ச வாளியை வாசல்ல வைச்சா என்ன நினைப்பினம்?"

"ஆரும் எதையும் நினைக்கட்டும்... அது உன்ர அண்ணாவுக்கு வைக்கிற தண்ணி."

"அண்ணா, அண்ணா! பதின்மூண்டு வருசம் அண்ணி! வாளியில தண்ணி வைச்சா ஆள் வந்திடுமே?"

"காலங்காத்தால விடுங்கோவன்!" என்று குசினி அடுப்படியிலிருந்து அவன் மனைவி இராசமலர் குரல் கொடுத்தாள். யாரை விடச் சொன்னாள் என்பது அவளுக்கே தெரியாது.

புஷ்பவதி மறுபேச்சுப் பேசவில்லை. பேசாமல் இருப்பதில் அவளுக்குப் பதின்மூன்று வருடப் பழக்கம் இருந்தது.

திருகோணமலையின் உள்துறைமுகத்தை அடுத்து, ஓர்ஸ் ஹில்லுக்குக் கீழே இருந்தது பண்டகசாலை ஒழுங்கை. மொத்தம் பன்னிரண்டு வீடுகள். தடித்த தூண்களும் தாழ்ந்த கூரையுமாக எல்லாம் ஒல்லாந்தர் காலத்துக் கட்டடங்கள். சண்டைக்காலம் முழுவதும் அந்தத் தூண்களை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. போர்நிறுத்தம் வந்து பாதை திறந்ததும், சுற்றுலாப் பயணிகளுக்கு அந்தத் தெருவைக் காட்டவென்று 'பழந்தெருத் திட்டம்' எனப் பெயர் வைத்துக்கொண்டு ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஓடு மாற்றினார்கள், சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். அதைக் குறை சொல்லக் கூடாது. மழைக்கு ஒழுகாத வீட்டில் படுப்பது சுகந்தான்.

ஆனால் அதன் பின்னால் வந்த சட்டங்கள் இருக்கின்றனவே! வீட்டின் முன்பக்கம் உடுப்புக் காயப்போடக் கூடாது. காலை ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு வரை ஒழுங்கைக்குள் சைக்கிள் வரக் கூடாது, மீன்காரன் வரக் கூடாது. காய்ச்சல்காரரை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகவும் சந்திவரை நடத்தித்தான் கூட்டிப்போக வேண்டும். பக்கத்தில் இரண்டு விடுதிகள் முளைத்த பிறகு சந்தியிலிருந்த பொதுக்கிணறு மத்தியானத்திலேயே வற்றியது. பிள்ளைகள் விறாந்தையில் இருந்து படித்தால் முகத்துக்கு நேரே ஒரு கமரா நீளும். எதிர்வீட்டு உம்மு குல்சும் தன் சொந்த விறாந்தையில் முக்காட்டைத் தளர்த்திக் காற்று வாங்க வழியில்லாமல் போனது. பார்க்க வந்தவர்கள் வீட்டுக்காரரைப் போல நடந்தார்கள். வீட்டுக்காரர்கள் விருந்தாளிகளைப் போல ஒதுங்கித் திரிந்தார்கள்.

எல்லோரையும்விடக் கூடுதலாகக் கொடுத்தவள் புஷ்பவதி. அவளும் கணவன் யோகலிங்கமும் வாழ்ந்த முன்னறை 'பார்வை அறை' ஆகிவிட்டது. அவள் பாய் குசினிக்குப் பக்கத்துச் சாமான் அறைக்குப் போனது. விடியற்காலையில் அவித்து விற்ற இடியப்பமும், புகை தூணைக் கறுப்பாக்குகிறது என்று நின்றுபோனது. அவள் முணுமுணுக்கவில்லை. வேலை இல்லாமல் திரிந்த குலசிங்கத்துக்குத் திட்டத்தில் காவலாளர் வேலை கிடைத்திருந்தது. அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. அது போதும் என்று இருந்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"படியடியில என்ர வாளி இருக்கட்டும்."

யோகலிங்கம் துறைமுகத்தில் வேலை செய்தவன். எண்ணெயும் தூசியும் அப்பிய காலோடு ஒருநாளும் வீட்டுக்குள் ஏறமாட்டான். படியடியில் நின்று, செம்பால் அள்ளி அள்ளிக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவான். தொண்ணூறாம் ஆண்டு ஆவணி மாதம் ஜீப்பில் வந்தவர்கள் அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து ஒரு காலையும் அவள் தவறவிடவில்லை. பழைய தண்ணீரைச் செவ்வரத்தைக்கு ஊற்றுவாள்; புதுத் தண்ணீர் நிரப்பி, செம்பைக் கவிழ்த்து வைப்பாள். அந்தத் தண்ணீரில் வீட்டிலுள்ள வேறு ஒருவரும் கால் கழுவுவதில்லை.

அதற்கும் வந்தது வினை. திட்டத்தின் வழிகாட்டி தவராசா அந்த வாளியைக் கண்டார். தெரியாத சங்கதியைத் தெளிவாக விளக்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. 'விருந்தினர் பாதம் கழுவ வாசலில் நீர் வைப்பது இவ்வூர் மரபு' என்று பயணிகளுக்கான புத்தகத்தில் படத்தோடு அச்சடித்துவிட்டார். பிறகு கேட்கவா வேண்டும்? வந்தவர்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள், சிரித்துக்கொண்டு காலில் ஊற்றினார்கள், படம் எடுத்தார்கள். பத்து மணிக்குள் வாளி காலியாகிவிடும். அவள் மறுபடி நிரப்புவாள். முந்தாநாள் பொறுக்கமாட்டாமல் ஒருவரின் கையிலிருந்த செம்பைப் பிடுங்கிவிட்டாள். அதன் பலன்தான் இந்தப் பித்தளை அண்டா.

பத்து மணிக்குக் கொழும்புக்காரர்கள் வந்தார்கள். தவராசா அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று கையை வீசி விளக்கினார். வெள்ளைக்கார அம்மா ஒருத்தி ஆசையோடு பாவாடையைச் சற்றுத் தூக்கிக் காலை நீட்டினாள்.

அந்த நேரம் வீட்டைச் சுற்றிக்கொண்டு புஷ்பவதி வந்தாள். கையில் துருவேறிய அந்தப் பழைய வாளி. தண்ணீர் தளும்பிச் சேலையை நனைத்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அண்டாவை ஒரு பக்கம் தள்ளி, வாளியை அதன் பழைய இடத்தில் வைத்தாள்.

"இது விருந்தாளிக்கு வைச்ச தண்ணியில்லை. என்ர மனுசனுக்கு வைச்சது. ஒருத்தரும் தொடாதேங்கோ!"

தவராசா அதை என்னவென்று மொழிபெயர்த்தாரோ தெரியாது. நீட்டிய காலை அந்த அம்மா மெல்ல இழுத்துக்கொண்டாள். கூட்டம் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது. தவராசா குலசிங்கத்தின் காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அவன் முகம் இருண்டது.

"திருப்தியே அண்ணி? என்ர வேலைக்கு உலை வைச்சாச்சு! இப்ப சந்தோசமே?"

"தம்பி, நான்..."

"கதைக்காதேங்கோ! இவ்வளவு பாசம் காட்டுற நீங்கள் அண்ணாவை ஒழுங்காத் தேடினனீங்களோ? காணாமப் போன ஆக்களைப் பதியிற கந்தோருக்குப் போய், அவையள் கேள்வி கேக்க வாய் திறக்காம எழும்பி வந்தனீங்களாம். அங்க நிண்ட ஆக்களே எனக்குச் சொன்னவை! நான் போறனெண்டு வெளிக்கிட்டா, காலைப் பிடிச்சு மறிச்சனீங்கள். ஏன்? அண்ணா வந்திடுவாரெண்டு பயமோ? தேடுறதெல்லாம் விட்டிட்டு, ஊர் பாக்க வாளி வைக்கிறியள்... நடிப்பு! எல்லாம் நடிப்பு!"

"ஐயோ, என்ன கதை கதைக்கிறியள்..." என்று இராசமலர் பதறினாள்.

புஷ்பவதி நின்ற இடத்திலேயே நின்றாள். கண்ணீர் வழிந்தது. பிறகு சாமான் அறைக்குள் போய், இரண்டு சேலைகளையும் கணவனின் படத்தையும் ஒரு பையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"இறக்கக்கண்டியில அக்கா இருக்கிறா. நான் அங்க போறன், தம்பி. உன்ர வேலை நிலைக்கட்டும். ஒண்டு மட்டும்... வாளிக்குத் தண்ணி வைக்க ஏலாட்டிலும், அந்த இடத்தில இருந்து எடுத்துப்போடாத."

"அவ ஏன் போகணும்?"

வாசல் படலையைத் தள்ளிக்கொண்டு வந்தவள் உம்மு குல்சும். எதிர்வீட்டுக்கு இங்கே நடந்தது எல்லாம் கேட்டிருந்தது.

"ராத்தா, வேண்டாம்!" புஷ்பவதி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள். "அவருக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தனான்..."

"பதிமூணு வருசம் காத்தாயே, போதும் புள்ள! அல்லாட மேல ஆணையா, இனி என்னால வாயைப் பொத்திக்கொண்டு இருக்க ஏலாது." அவள் குலசிங்கத்தின் பக்கம் திரும்பினாள். "கேளு தம்பி. அண்டைக்கு வந்தவங்கள்ட கையில இருந்த கடதாசியில ஒரு பேர்தான் இருந்திச்சு. யோகலிங்கம் இல்ல. குலசிங்கம்!"

குலசிங்கம் புரியாமல் பார்த்தான்.

"ஆரோ ஒன்ட பேரைச் சொல்லிக் குடுத்திட்டாங்க. நீ உள்ளுக்கு மலேரியாக் காய்ச்சல்ல பிதத்திக்கொண்டு கிடந்தாய். ஒங்கட அண்ணன் அலுமாரியில இருந்த ஒன்ட அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு படியில இறங்கினார். 'நான்தான் குலசிங்கம்' எண்டு சொன்னார். ரெண்டு பேருக்கும் ஒரே முகவெட்டு... கொண்டு போயிட்டாங்க. நான் என்ட படலையடியில நிண்டு இந்த ரெண்டு கண்ணாலயும் பாத்தன்."

குலசிங்கத்துக்குத் தன் அடையாள அட்டை நினைவுக்கு வந்தது. காய்ச்சல் மாறி எழுந்து தேடியபோது, குப்பையோடு சேர்த்து எரித்துவிட்டேன் என்று அண்ணி சொன்னாள். கவனமில்லாத மனுசி என்று எத்தனை பேருக்கு முன்னால் அவளைத் திட்டியிருப்பான்! அவள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தாளே...

"அண்ணி... உண்மையோ?"

"ஓம், தம்பி." அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். "'துறைமுகத்தில என்னைத் தெரியும், பின்னேரத்துக்கிடையில விட்டிடுவாங்கள்' எண்டார். 'அவனுக்குச் சொல்லாத, தாங்கமாட்டான். வந்து கால் கழுவத் தண்ணி வை' எண்டார். அவ்வளவுதான் கதைச்சவர்."

"ஏன்... ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"கந்தோரில, கொண்டு போகேக்க என்ன பேர் சொன்னவர் எண்டு கேட்டவை. யோகலிங்கம் எண்டு அவையின்ர பட்டியல்ல ஒருத்தரும் இல்லை. உன்ர பேரைச் சொன்னா, ஆள் மாறிப்போச்சு எண்டு விளங்கிடும். பிறகு உன்னைத் தேடி வருவாங்கள். நான் என்ன செய்ய, தம்பி? உன்னைக் குடுத்திட்டு அவரை வாங்குறதோ? அதுக்கோ அவர் போனவர்?"

குலசிங்கம் படியடியில் விழுந்தான். அவள் கால்களைப் பிடித்துக்கொண்டு குழந்தையைப் போல விம்மி அழுதான். "என்னைக் காப்பாத்தத்தான் அவரைத் தேடாம விட்டனீங்களோ... நான் என்னவெல்லாம் சொன்னன்! என்னை அடியுங்கோ அண்ணி, ஒருக்கா அடியுங்கோ!"

அவள் அவனை எழுப்பி மார்போடு அணைத்துக்கொண்டாள். "விடு அப்பன்... நீ இருக்கிறாய். அது போதும்." இராசமலர் அவள் தோளில் கிடந்த பையைக் கழற்றி உள்ளே கொண்டுபோனாள். உம்மு குல்சும் முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இனித் தேத்தண்ணி போடுங்க, குடிக்கிறியா எண்டு ஆரும் கேக்கவே மாட்டீங்களா?" என்றாள்.

மறுநாள் காலையில் குலசிங்கம் நீலச் சட்டையை மடித்து அண்டாவுக்குள் வைத்து, இரண்டையும் தவராசாவிடம் கொடுத்தான்.

"வேலை போகும், தெரியுமெல்லோ?"

"போகட்டும் ஐயா. முன்னறையில இனி அண்ணிதான் இருப்பா. அந்த வாளிப் படத்தையும் புத்தகத்தில இருந்து எடுத்துப்போடுங்கோ. அது மரபில்லை. அது என்ர அண்ணாவுக்கு."

அவன் திரும்பி வரும்போது, ஒன்பது மணி தாண்டியும், உம்மு குல்சும் வீட்டு முன்பக்கத்தில் உடுக்கும் சாரமும் படுக்கை விரிப்பும் வரிசையாகக் காய்ந்தன. அவள் சட்டத்தை மறந்தவளைப் போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றே குலசிங்கமும் அண்ணியும் பதிவுக் கந்தோருக்குப் போனார்கள். கதிரையில் உட்கார்ந்திருந்த அலுவலர் அதே பழைய கேள்வியைக் கேட்டார். "கூட்டிக்கொண்டு போகேக்க என்ன பேர் சொன்னவர்?"

புஷ்பவதி குலசிங்கத்தைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான். "குலசிங்கம் எண்டு எழுதுங்கோ. அது நான். எனக்குப் பதிலாப் போனவர் என்ர அண்ணா." அவனே முன்னுக்கு வந்து சொன்னான்.

அலுவலர் எழுதிக்கொண்டார். பதின்மூன்று வருடப் பட்டியல்களைப் புரட்ட வேண்டும், நாள் எடுக்கும், நம்பிக்கை கொடுக்க ஏலாது என்றார். ஆனாலும் இந்தப் பெயரில் இதுவரை ஒருவரும் தேடவில்லை, தேடிப் பார்க்கிறோம் என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இருவரும் வெயிலில் வீட்டுக்கு நடந்தார்கள்.

படலையைத் திறந்ததும் குலசிங்கம் வழக்கம்போல வீட்டுப் பின்பக்கக் கிணற்றடிக்குத் திரும்பினான்.

"எங்க போறாய்? இங்கால வா."

புஷ்பவதி படியடியில் குனிந்து செம்பை நிமிர்த்தினாள். வாளியிலிருந்து அள்ளி அவன் கால்களில் மெல்ல ஊற்றினாள். அவன் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். தூசி கரைந்து செவ்வரத்தையடிக்கு ஓடியது.

"குலசிங்கம் வீட்டுக்கு வந்திட்டான் எண்டு அவருக்குத் தெரியட்டும்" என்றாள்.

அவன் உள்ளே போனபிறகு வாளியைப் பார்த்தாள். பாதிதான் இருந்தது. எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். இன்னும் ஒருவர் வர வேண்டியிருந்தது.