முனகாத நெல்

காலை ஆறு மணிக்கு மடைக்கொட்டகையைத் திறப்பேன். சுவர்த்திரையில் எங்கள் கண்மாய்ப் பாசனத்தின் முப்பத்திரண்டு வயல்களும் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு முனகல் எண். எண் அதிகமான வயல் மேலே, குறைந்தது கீழே. மேலே இருக்கும் வயலுக்கு மடை தானாகத் திறக்கும். நான் கட்டைவிரலை வைத்து 'சரி' சொல்ல வேண்டும், அவ்வளவுதான் உத்தியோகம். இதற்கு மடைக்காரி என்று பெயர், சீருடை வேறு.

பயிருக்குத் தாகம் எடுத்தால் தண்டுக்குள் ஏறும் நீரிழை அறுந்து சொடுக்கும். நம் காதுக்கு எட்டாது. வயலுக்கு ஒன்றாக நட்டிருக்கும் சொடுக்குமானி என்கிற சென்சாருக்கு எட்டும். ஆள் பார்த்து, சாதி பார்த்துத் தண்ணீர் விட்ட பழைய அநியாயம் இனி வேண்டாம், பயிரே வாய்விட்டு வாங்கிக்கொள்ளட்டும் என்றுதான் அரசு இதைக் கொண்டுவந்தது. நல்ல எண்ணம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் ஆட்கள் லேசுப்பட்டவர்களா? மூன்றே வருடத்தில் அழுகுணி நெல் என்று ஒன்று விதைக்கடைக்கு வந்துவிட்டது. வெயில் கொஞ்சம் ஏறினாலே போதும், ஊரைக் கூட்டிவிடும். இப்போது முப்பத்தொரு வயலிலும் அதுதான்.

மிச்சம் இருப்பது ஹர்ஷிதா மதினியின் வயல். ஆறு வருடத்துக்கு முன் இறந்துபோன என் பெரிய அண்ணனின் மனைவி. இரண்டாயிரத்துப் பத்துவாக்கில் பிறந்தவர்களுக்குத்தான் இப்படிப் பெயர், அதை வைத்தே வயதைச் சொல்லிவிடலாம், ஐம்பத்தைந்து. அவர் போடுவது கல்லுளி நெல். தாகம் எடுத்தால் அது இலையை ஊசியாகச் சுருட்டிக்கொள்ளும், இலைத்துளைகளை மூடிக்கொள்ளும், வேரை ஆழத்துக்கு அனுப்பும். எத்தனை வெயில் அடித்தாலும் நீரிழை அறுவதில்லை. அதனால் முனகல் எண் பூஜ்யம்.

இதுவரை மழையை வைத்தே ஓட்டிவிட்டார். இந்த வருடம் ஒரு புது விதி: நாற்பது நாள் தொடர்ந்து முனகாத வயலைப் 'பயிரில்லா நிலம்' என்று இயந்திரம் முடிவு கட்டிவிடும். அப்புறம் அந்த வயலுக்கு எந்தக் காலத்திலும் தண்ணீர் கிடையாது. நான் சொல்லும் அன்று மதினியின் வயலுக்கு முப்பத்தெட்டாம் நாள். அந்த ஒன்றரை ஏக்கரை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பும் இல்லை. நான் மேலதிகாரிக்கு எழுதினேன். 'வயலின் முனகல் எண்ணை அனுப்பவும்' என்று பதில் வந்தது. அட, அதுதானே பிரச்சினை!

அன்று மத்தியானமே வயலுக்குப் போனேன். மதினி வரப்பில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"வா தன்யா, என்ன இந்த வெயில்ல?"

"மதினி, இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு, தெரியும்ல?"

"தெரியும்த்தா."

"பயிர் எப்படி இருக்கு?"

"உசுரோட இருக்கு. இப்ப பூக்கிற நேரம். ஒரே ஒரு தண்ணி போதும். அது இல்லாட்டி அம்புட்டும் பதருதான்."

எனக்கு எரிச்சல் வந்தது. "ஊரே அழுகுணி போடுது. நீங்க மட்டும் ஏன் இந்தக் கல்லுளிமங்கனைக் கட்டிக்கிட்டு அழுவுறீங்க?"

"எல்லாரும் அதையே போட்டா கண்மாய் எத்தன நாளைக்குத் தாங்கும்? நீதான் தினம் பாக்குறியே."

குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த திருட்டு வழியைச் சொன்னேன். சொடுக்குமானியை ஒட்டி நாலு தண்டை நறுக்கிவிட்டால் அது காயத்துக்கும் தாகத்துக்கும் வித்தியாசம் பார்க்காது, எண் ஏறிவிடும்.

"பூக்கிற பயிரையா? நான் செய்ய மாட்டேன்," என்றார் மதினி. "அறுத்துக் காட்டினாத்தான் தண்ணின்னா அந்தத் தண்ணியே வேணாம்."

பிடிவாதத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா? கோபத்தோடு திரும்பிவிட்டேன். ஆனால் மனசு அடங்கவில்லை. நாற்பதாம் நாள் விடியற்காலையில் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு நானே போனேன். சொடுக்குமானியின் அருகில் உட்கார்ந்து ஒரு தண்டை நறுக்கினேன். கைக்கருவியில் எண் அசையவில்லை. இரண்டு, ஐந்து, எட்டு. அப்போதும் பூஜ்யம். சனியன் பிடித்த நெல், வெட்டினாலும் வாயைத் திறக்காதா? எனக்கு அழுகை வந்துவிட்டது.

"என்ன பண்ணுற தன்யா?"

மதினி பின்னால் நின்றுகொண்டிருந்தார். நறுக்கிய தண்டுகளைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"நீங்களாவது வாயைத் திறந்து பேசுங்களேன்! கஷ்டமா இருக்கு, உதவி பண்ணுன்னு ஒரு நாளாவது எங்கிட்டச் சொன்னீங்களா?"

மதினி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒங்க அண்ணன் போன அன்னிக்கு நீ எல்லார்கிட்டயும் என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா? 'எங்க மதினி தைரியசாலி, சமாளிச்சுக்குவாங்க'ன்னு சொன்ன. ஊரும் அதையே சொல்லுச்சு. அதுக்கப்புறம் ஒரு ஆளு வாசப்படி ஏறி விசாரிக்கல. ஆறு வருசமாச்சு. எதுக்கெடுத்தாலும் அழுவுற ஒங்க சின்ன அண்ணன் பொண்டாட்டி வீட்டுக்குத்தான் எல்லாரும் போனீங்க."

குரலில் கோபமே இல்லை. ரேஷன் கடையில் என்ன கிடைத்தது என்று சொல்வதுபோலச் சொன்னார். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணன் வீடு என் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளித்தான்.

எழுந்து நேராக மடைக்கொட்டகைக்குப் போனேன். வெள்ளக் காலத்துக்கென்று கையால் சுற்றும் இரும்புச் சக்கரம் வயலுக்கு ஒன்றாக அங்கே உண்டு. வேறு எதற்கு அதைத் தொட்டாலும் வேலை போய்விடும். மதினி வயலின் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றினேன். சுவர்த்திரை சிவந்தது. 'இந்த வயலின் முனகல் எண் பூஜ்யம். திறக்கக் காரணம்?' என்று கேட்டது. 'வயலை நேரில் பார்த்தேன்' என்று எழுதி, கட்டைவிரலை வைத்தேன். பணிநீக்க ஓலை மறு நிமிடமே கைபேசிக்கு வந்துவிட்டது. வேகத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

தண்ணீர் வாய்க்காலில் ஓட, நான் வரப்பில் ஓடினேன். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வயலுக்கு வந்து சேர்ந்தோம். வெடித்துக் கிடந்த மண் தண்ணீரைக் குடித்தது. மதினி மண்வெட்டியால் வழி விட்டுக்கொண்டிருந்தார். எப்போதும்போல அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

இனி என் பிழைப்புக்கு என்ன வழி என்று யோசிக்கவேண்டும். மற்ற முப்பத்தொரு பேரும் கம்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வரட்டும். கிட்டப் போய் மதினியின் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டேன்.

"மதினி, சாப்பிட்டீங்களா?"

அவர் வாய் வழக்கமாக "ஆச்சு" என்று சொல்லத்தான் திறந்தது. அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இல்ல தன்யா," என்றார். "முந்தாநாள்லேருந்து இல்ல."