வெள்ளி தின்னும் உலை

ரிப்னா ஊரின் கோயில் மணி பனியில் விரிசல் விட்டு ஊமையாகிப்போனது. அந்த வசந்தத்தில்தான் மணி வார்ப்பவர்கள் இருவர் வந்து சேர்ந்தார்கள். நெட்டையான வோய்டெக் ஓயாமல் பேசுவான். கிழவர் ரெஹோர் வாயே திறக்கமாட்டார்.

ஆற்றங்கரையில் செங்கல்லால் பெரிய உலை கட்டினார்கள். பழைய மணியை உடைத்து உள்ளே போட்டார்கள்.

"வெண்கலம் மட்டும் போட்டா தகரம் மாதிரி சத்தம் வரும்," என்றான் வோய்டெக். "வெள்ளி போடுங்க. தேவதை பாடுற மாதிரி குரல் வரும்."

உலையின் பக்கத்தில் வெள்ளிக்கென்று ஒரு சின்னத் துளை இருந்தது. ஊரே வரிசையில் நின்றது. கிண்ணங்கள், கொலுசுகள், கல்யாண மோதிரங்கள் எல்லாம் அந்தத் துளைக்குள் போயின.

ரொட்டிக்காரர் மகள் ஹெட்விகாவுக்குப் பத்து வயது. பிறந்தபோது அவளுக்குக் கிடைத்த வெள்ளிக் கரண்டியைக் கொண்டுவந்திருந்தாள். அதன் காம்பில் பிசின் வழியும் பைன் காய் ஒன்றைக் கட்டியிருந்தாள்.

"அது எதுக்குடி?" என்று கேட்டார் அப்பா.

"என் கரண்டி உருகுறப்போ வாசனை வரும்ல? அப்ப எனக்குத் தெரியும்."

கரண்டியைப் போட்டுவிட்டு மூச்சை இழுத்துக்கொண்டு காத்திருந்தாள். துளையிலிருந்து புகை வரவில்லை. வாசனையும் வரவில்லை.

"அய்யா, என் காய் ஏன் எரியல?"

"வெள்ளி அதைத் தின்னுடுச்சு பாப்பா," என்று சிரித்தான் வோய்டெக்.

வெள்ளி காயைத் தின்னுமா? ஹெட்விகா உலையைச் சுற்றி நடந்தாள். எல்லாப் பக்கமும் அனல் அடித்தது. துளைக்கு நேர் கீழே மட்டும் செங்கல் சில்லென்றிருந்தது.

"அப்பா, இங்க கை வெச்சுப் பாருங்க."

அப்பா கை வைத்தார். ஒரு கடப்பாரையை எடுத்து அந்தச் செங்கலை நெம்பினார். உள்ளிருந்து கிண்ணங்களும் மோதிரங்களும் சரிந்து விழுந்தன. மேலாக ஹெட்விகாவின் கரண்டி கிடந்தது. அதில் பைன் காய் அப்படியே இருந்தது.

வோய்டெக் ஓடினான். கசாப்புக்காரர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"ரெண்டு பேரையும் ஆத்துல முக்குங்க," என்று கூட்டம் கத்தியது.

ரெஹோர் ஓடவில்லை. உலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வெண்கலம் உருகி நிக்குது. இப்ப ஊத்தலைன்னா உலைக்குள்ளயே இறுகிடும்," என்றார். அவர் பேசி ஊர் கேட்டது அதுதான் முதல்முறை.

"நிஜமாவே உங்களுக்கு மணி செய்யத் தெரியுமா, தாத்தா?" என்று கேட்டாள் ஹெட்விகா.

"அது ஒண்ணுதான் ஒழுங்காத் தெரியும்மா."

அவள் ஊர்த்தலைவர் பக்கம் திரும்பினாள். "அவரு ஊத்தட்டுமே. ஆத்துல முக்குறதை அப்புறம் பாத்துக்கலாம். ஆறு எங்கயும் போயிடாது."

தலைவர் மீசையைத் தடவினார். பிறகு தலையசைத்தார்.

கிழவர் உலையின் வாயைத் திறந்தார். உருகிய வெண்கலம் பாம்புபோல நெளிந்து வந்தது. சூரியனே மண்ணில் இறங்கி ஓடுவதுபோல் இருந்தது. கூட்டம் ஓரடி பின்வாங்கியது. கத்திக்கொண்டிருந்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். மண்ணில் புதைத்திருந்த அச்சுக்குள் கடைசிச் சொட்டும் இறங்கி மறையும்வரை யாரும் அதைத் திரும்பப் போடவில்லை.

மணியின் சூடு ஆறுவதற்குச் சில நாள் ஆயிற்று. அதுவரை வோய்டெக் தொழுவத்தில் அடைபட்டுக் கிடந்தான். ரெஹோர் மண்ணைத் தோண்டி மணியை எடுத்துத் தேய்த்தார். கோபுரத்தில் ஏற்றினார்கள்.

"வெள்ளி இல்லாம குரல் வருமா?" என்று தலைவர் சந்தேகத்தோடு கேட்டார்.

"வெள்ளி போட்டாத்தாங்க குரல் கெட்டுப்போகும்," என்றார் ரெஹோர், தலையைக் குனிந்தபடி.

கயிற்றை இழுத்தார்கள்.

முதல் ஒலி கோபுரத்திலிருந்து இறங்கி, ஆற்றைத் தாண்டி, மலையைத் தொட்டுத் திரும்பியது. ஹெட்விகாவுக்கு அது நெஞ்சுக்குள்ளேயே அடிப்பதுபோல் இருந்தது. ஊரே தெருவில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தது.

அன்று அப்பாவின் அடுப்பில் இருந்த ரொட்டி அத்தனையும் கருகிப்போனது. ஒருவரும் குறை சொல்லவில்லை.